கமலாம்பாள் சரித்திரம் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது, என்ன செய்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். நாவல் தாளுக்கு ராஜம் அய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ வைத்திருக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 250 பக்கம் உள்ள பதிப்பு. ஐந்து முறை எடுத்துவிட்டீர்கள், ஐந்து முறையும் நாற்பதாவது பக்கம் வருவதற்குள் கண் சொருகிவிடுகிறது. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு புத்தகம் முடித்தவனுக்கு இப்போது ஆர்வமே வரவில்லையே, பேசாமல் நோட்ஸை மட்டும் படித்துத் தேர்வு எழுதிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி நோட்ஸைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். “நான் படிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இந்தப் புத்தகம் அதைப் பொய்யாக்கிவிட்டதே” என்பதுதான் உங்களை உறுத்துகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் குறை எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இளங்கலை மாணவர்களுக்கு நாவல் தாள் எடுக்கிறேன். இந்தப் புத்தகத்தை மட்டும் ஒன்பது முறை நடத்தியிருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் முதல் ஐம்பது பக்கத்துக்குள் நின்றுவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். நிற்பவர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். நானும் எம்.ஏ. படிக்கும்போது இதை முடிக்கவில்லை. நோட்ஸை வைத்து எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். முழுதாகப் படித்தது, வேலைக்குச் சேர்ந்து இதை நடத்த வேண்டி வந்தபோதுதான். அன்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்ல புத்தகத்தை நாலு பக்கச் சுருக்கத்தில் தின்றுவிட்டேனே என்ற கோபம். அதனால்தான் உங்கள் கேள்விக்கு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இந்த நாவலில் ஏன் தடுக்கி விழுகிறோம் என்று முதலில் பார்ப்போம். தமிழில் முதல் நாவல் என்று நாம் சொல்லும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சில் வந்தது 1879இல். ராஜம் அய்யர் எழுதத் தொடங்கியது 1893இல். அதாவது, தமிழில் நாவல் என்ற பொருளுக்கே அப்போது வயது பதினான்கு. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வதை உரைநடையில் எப்படி எழுதுவது, கதையை எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் தொடங்குவது என்பதையெல்லாம் எழுதி எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாக்கியம் நீளமாகப் போகும். வடசொல் நிறைய வரும். கதை போகிற போக்கில் ஒரு பாட்டு வரும், கம்பன் வருவான். ஆசிரியரே நடுவில் வந்து நம்மிடம் பேசுவார். இன்றைய நாவல் நம்மை முதல் பக்கத்திலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இவர் அப்படிச் செய்வதில்லை. திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். பள்ளியில் நீங்கள் வாரம் ஒன்று முடித்த புத்தகங்கள் வேறு வேகத்துக்காக எழுதப்பட்டவை. அந்த வேகத்தை இங்கே கொண்டுவந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இது ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதிய புத்தகமே அல்ல. ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பது முழுத் தலைப்பு. புத்தகமாக வந்தது 1896இல். அன்று இதைப் படித்தவருக்கு ஒரு தவணை கிடைக்கும், அதைப் படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருப்பார். இடையில் அதைப் பற்றிப் பேசுவார். இதழ் ஒரு வீட்டுக்கு வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு வருடத்துக்குப் பிரித்து, பல பேர் கூடி அனுபவித்த ஒன்றை, விடுதி அறையில் தனியாக, வாய் திறக்காமல், மூன்று நாளில் முடிக்கப் பார்க்கிறோம். அப்புறம் தூக்கம் வருகிறதே என்று நம்மையே குறை சொல்கிறோம்.

தம்பி, இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ராஜம் அய்யர் 1872இல் வத்தலகுண்டில் பிறந்தவர். தொடரை ஆரம்பித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. உங்களைவிட ஒன்று இரண்டு வயதுதான் மூத்தவர். 1896இல் விவேகானந்தரின் ஊக்கத்தில் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். 1898இல் இறந்துவிட்டார். இருபத்தாறு வயது. தமிழில் அவர் எழுதி முடித்த நாவல் இது ஒன்றுதான். கல்லூரியில் ‘பழம்பெரும் நாவலாசிரியர்’ என்று சொல்லும்போது நம் மனதில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் வந்து நிற்கிறார். அதை எடுத்துவிட்டு, உங்கள் விடுதியில் பக்கத்து அறையில் இருக்கும் கூர்மையான, கொஞ்சம் வாய்த்துடுக்கான ஒரு அண்ணன் எழுதியது என்று நினைத்து மறுபடி முதல் பக்கத்தைத் திறங்கள். முன்பு வர்ணனை என்று தாண்டிய இடங்களில் சிரிப்பு ஒளிந்திருப்பது தெரியும்.

இப்போது ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருடம் முன்பு என் வகுப்பில் இருந்தவள், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து போவாள். உங்களைப் போலவே ஆரம்பத்தில் நின்றுவிட்டாள். “அம்மா, புரியலைன்னு இல்ல, படிக்கப் படிக்க மனசு வேற எங்கயோ போயிருது” என்றாள். அவள் பாட்டி மாலையானால் வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார்கள். கூலிக்குக் கட்டுவது, எழுந்து போக முடியாது. இரண்டு மணி நேரம் கையும் நாரும் ஓடிக்கொண்டே இருக்கும். காது சும்மாதான் இருக்கும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “பாட்டிக்கு தினம் ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டு, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் இரண்டு நாள் பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வம்பு பேசும் பெண்கள் வந்தார்கள். ராஜம் அய்யர் அவர்கள் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்றே பெயர் வைத்திருக்கிறார். சுப்பு என்ற பெண்மணி அதற்குத் தலைமை மாதிரி. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்கள் பேசிக்கொள்ளும் இடம் வந்ததும், பாட்டி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, “ஏ, இது நம்ம தெருக் குழாயடியில நடக்கிற பேச்சுல்ல” என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் எந்தப் பாத்திரம் தங்கள் தெருவில் யார் என்று பாட்டியே ஆள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீட்டில் பேசும் தமிழும் நாவலில் வரும் அக்கிரகாரத்துத் தமிழும் வேறு வேறு. ஆனால் வம்பு ஒன்றுதானே. அடுத்த நாள் பேருந்தை விட்டு இறங்கி வந்தவளைப் பார்த்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டியா” அல்ல, “அப்புறம் அந்தக் கமலாம்பாளுக்கு என்ன ஆச்சு?” அதற்குப் பிறகு அந்தப் பெண்ணால் நிறுத்த முடியவில்லை. பாட்டி விடவில்லை. ஒரு அத்தியாயம் முடிந்தால் “இன்னொண்ணு வாசி, பூ இன்னும் இருக்கு” என்பார்களாம். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டு வந்து, வகுப்பில் அந்த வம்புக் காட்சியைக் குரல் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அது. அன்று ஒருவரும் தூங்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஆர்வம் எங்கிருந்தும் வந்துவிடவில்லை. கதை எப்படிக் கேட்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டதோ, அந்தச் சூழல் அவளுக்குக் கிடைத்தது. தவணை தவணையாக, வாய்விட்டு, “அப்புறம்?” என்று கேட்க ஒரு ஆள். உங்களுக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், காத்திருக்கும் ஒரு காதைத் தேடுங்கள். பாட்டி இல்லாவிட்டால் அம்மா. விடுதியில் இருந்தால், இதே தாள் எழுதப்போகும் ஒரு நண்பன். அவனும் இதே நாற்பதாவது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பான். அதுவும் முடியாவிட்டால், அத்தியாயம் முடிந்ததும் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி வாட்ஸாப்பில் குரல் செய்தியாக ஒருவருக்கு அனுப்புங்கள். “அடுத்து என்ன” என்று அவர் கேட்கும்படி ஒரு இடத்தில் நிறுத்துங்கள். கதையை எங்கே நிறுத்தினால் அவர் கேட்பார் என்று நீங்கள் யோசிக்க ஆரம்பித்தாலே, பாதி நாவலாசிரியர் வேலையைச் செய்கிறீர்கள், தூக்கம் தானாகப் போய்விடும்.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தொடராக வந்தது, அன்றைய உரைநடையின் தன்மை, வாய்விட்டு வாசித்த பழக்கம், இவை உறுதி. வாய்விட்டு வாசித்தால் எல்லோருக்கும் பிடித்துவிடும் என்பது என் வகுப்பறை அனுபவம் மட்டும்தான். வருடத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன், அதிலும் பெரும்பாலோர் திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள். நாவலில் வரும் சிறுகுளம் மதுரைச் சீமையில் இருப்பதாகத்தான் ராஜம் அய்யர் எழுதுகிறார். அதில் வரும் ஜல்லிக்கட்டும் தோப்பும் துரவும் அவர்களுக்குப் பழகிய நிலம். வேறு பக்கத்திலிருந்து வருகிறவருக்கு அதே அளவு ஒட்டுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சென்னையில் வளர்ந்த ஒரு பையன் நான் சொன்னபடியெல்லாம் செய்துவிட்டு, “மேடம், முடிச்சிட்டேன், ஆனா பிடிக்கல” என்று சொன்னதும் உண்டு. அவன் முடித்தான் என்பதே எனக்குச் சந்தோஷம்.

சரி, அடுத்து ஆட்கள் பெயர். என் மாணவர்கள் நின்றுபோகும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் கதை சலிப்பதால் நிற்பதில்லை. “இவர் யார், முன்னே வந்தாரே” என்று குழம்பும் இடத்தில்தான் புத்தகத்தை மூடுகிறார்கள். புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒரு தாளை ஒட்டி, நடுவில் முத்துஸ்வாமி அய்யர், கமலாம்பாள் என்று எழுதுங்கள். பக்கத்தில் அவர் தம்பி சுப்பிரமணிய அய்யர், தம்பி மனைவி பொன்னம்மாள். கீழே கமலாம்பாளின் மகள், அவளை மணக்கும் ஸ்ரீநிவாசன். இன்னொரு மூலையில் தமிழ் வாத்தியார் அம்மையப்ப பிள்ளை. ஊருக்கு வெளியே பேயாண்டித் தேவன். வம்பு பேசுகிறவர்களைத் தனியாக ஒரு வட்டத்துக்குள் போடுங்கள். யார் யாரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று அந்த வட்டத்திலிருந்து கோடு இழுத்துக்கொண்டே போங்கள். கால்வாசி நாவல் தாண்டும்போது அந்தத் தாளைப் பார்த்தால் முழுத் தலைப்பில் உள்ள ‘அபவாதம்’, அதாவது பழிச்சொல், ஒரு குடும்பத்தை எந்தெந்த வழியாக வந்து சேர்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு அந்தத் தாளே போதும்.

அகராதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இதை ஒரு தமிழாசிரியர் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஒவ்வொரு வடசொல்லுக்கும் நின்று பொருள் பார்த்தால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துவிடும். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அதே சொல் மூன்றாவது முறை வந்தால் மட்டும் பாருங்கள். சம்பாஷணை, பிரஸ்தாபம் போன்ற சொற்கள் அந்தக் கால எழுத்தில் அடிக்கடி வரும். இரண்டு முறை பார்ப்பதற்குள் இடத்தை வைத்தே பொருள் பிடிபட்டுவிடும். பார்க்க வேண்டி வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த நாவலின் சொற்களுக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. நடுவில் வரும் செய்யுள்களை முதல் வாசிப்பில் தாண்டிப் போனாலும் பாவம் இல்லை. வாய்விட்டு ஒரு முறை படித்துவிட்டு நகருங்கள். இரண்டாம் முறை வரும்போது ருசிக்கும்.

நாள் கணக்கு எளிது. 250இல் நாற்பது போக 210 பக்கம். தினம் பதினைந்து பக்கம் என்றால் பதினான்கு நாள். கைவசம் இருபத்தொரு நாள் இருக்கிறது. ஒரு வாரம் மிச்சம். அந்த ஒரு வாரத்தை மறுவாசிப்புக்கும் நோட்ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம். நாற்பதிலிருந்து தொடர வேண்டுமா, முதலிலிருந்தா என்று கேட்டால், ஆறாவது முறையாக முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பேன். முதல் பக்கத்தைப் பார்த்தாலே உங்களுக்கு இப்போது அலுப்பு வரும். இதுவரை படித்ததை மேலே சொன்ன தாளில் ஆட்களாக மட்டும் எழுதிவிட்டு, நின்ற இடத்திலிருந்து வாய்விட்டு ஆரம்பியுங்கள். பதினைந்து பக்கம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும்கூட. நாளை எடுக்கும்போது கை தயங்காது.

இப்போது நோட்ஸ். கூடாது என்று சொல்ல மாட்டேன். கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். 2011இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் சிறுகதைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்ததாக அதில் தெரிந்தது. பின்னால் வேறு சிலர் செய்த ஆய்வுகளில் இதற்கு மாறாகவும் வந்திருக்கிறது, ஆகவே இதை முடிந்த முடிவாக நான் சொல்லவில்லை. ராமாயணம் முடிவு தெரிந்தும் கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருந்த ஊர் நம்முடையது என்பது எனக்குப் போதுமான சான்று. நான் மறுப்பது வேறு ஒன்றை. நோட்ஸ், நாவல் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்காரக் கூடாது. நோட்ஸில் “கமலாம்பாள் பொறுமையின் வடிவம்” என்று இருக்கும். எந்த இடத்தில், என்ன பேச்சுக்குப் பதிலாக, எப்படி அடக்கிக்கொண்டாள் என்பது நாவலில் மட்டும்தான் இருக்கும். விடைத்தாள் திருத்தும்போது எங்களுக்கு இது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். அறுபது தாளில் அதே வாக்கியம் வரும்போது, ஒரே ஒரு தாளில் யாரோ ஒரு சின்னக் காட்சியைத் தன் சொல்லில் எழுதியிருந்தால் பேனா தானாக நின்றுவிடுகிறது.

நோட்ஸைவிட நல்ல குறுக்கு வழி ஒன்று புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாவல் முடியும் இடத்தில் ராஜம் அய்யர் தான் ஏன் இதை எழுதினேன் என்று அவரே சொல்கிறார். அமைதியில்லாத ஒரு ஆத்மா பலவிதமாகக் கஷ்டப்பட்டுக் கடைசியில் நிம்மதியான ஒரு நிலையை அடைந்ததைச் சொல்வதுதான் தன் முக்கிய நோக்கம் என்ற பொருளில் எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தை இப்போதே படித்துவிடுங்கள். ஏனென்றால் உங்களுக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முதல் பாதி ஊர், வீடு, சிரிப்பு, சண்டை என்று போகும். பின்பாதியில் குடும்பம் அடிமேல் அடி வாங்க, கதை வீட்டை விட்டு வெளியேறி ஆன்மிகத் தேடல் பக்கம் திரும்பும். “நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு” என்று நிறையப் பேர் அங்கே இரண்டாம் முறை நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர் முதலிலிருந்தே அங்கே போகத்தான் கிளம்பினார் என்று தெரிந்திருந்தால், அந்தத் திருப்பம் உங்களைக் கீழே தள்ளாது.

அந்தத் திருப்பம் நாவலுக்கு நல்லதா கெட்டதா என்று விமர்சகர்கள் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முதல் பாதிதான் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. அந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர், பின்பாதி இல்லாவிட்டால் இது ஒரு நல்ல ஊர்க்கதையாக மட்டும் நின்றிருக்கும் என்பார். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி. பாடத்தில் வைத்த நாவல் பிடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், எந்த அத்தியாயத்திலிருந்து பிடிக்காமல் போனது, ஏன் என்று காட்டுங்கள். அப்படி எழுதிய தாளுக்கு நான் குறைத்துப் போட்டதில்லை. எல்லாத் திருத்துநரும் அப்படியே என்று உறுதி கொடுக்க முடியாது. அதனால் கதை, பாத்திரம், வரலாற்றுக் குறிப்பு ஆகியவற்றை முதலில் ஒழுங்காக எழுதிவிட்டு உங்கள் கருத்தை அதன் மேல் வையுங்கள்.

ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்காமல் மூன்று நான்கு வரி எழுதுங்கள். படித்ததை மறுபடி படிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்து எழுதுவது நாள் கழித்தும் மனதில் நிற்க உதவுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினான்கு நாள் முடியும்போது உங்கள் கையில் நீங்களே எழுதிய நோட்ஸ் இருக்கும்.

கைப்பேசியில் பிடிஎப் வைத்துப் படிப்பதுதான் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2018இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், தகவல் சொல்லும் பாடங்களில் தாள் கொஞ்சம் மேல் என்றும், கதைகளில் அப்படி வேறுபாடு தெரியவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே திரையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே திரையில் நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்து விழுந்தால் எந்த நாவலும் நிற்காது. நூலகத்தில் அச்சுப் பிரதி கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒரு மணி நேரம் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் ஒன்றும் ஏறவில்லை என்றால், மற்றொன்றை யோசிக்க வேண்டும். இந்த நாவல் மட்டும் ஏறவில்லையா, எதுவுமே ஏறவில்லையா? முன்பு பிடித்த புத்தகம், பாட்டு, கிரிக்கெட் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் சாப்பாடும் சரியில்லாமல் சில வாரமாகப் போய்க்கொண்டிருந்தால் அது வாசிப்புப் பிரச்சினை அல்ல. அதற்கு யோசனை சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. வீட்டில் ஒருவரிடமும் ஒரு மருத்துவரிடமும் பேசுங்கள், தேர்வு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதே மாதிரி, பத்து நிமிடம் படித்தாலே தலைவலி வருகிறது என்றால் கண்ணைக் காட்டுங்கள். என் மாணவன் ஒருவன் கண்ணாடி போட்ட மறுவாரம் நாவலை முடித்தான்.

பள்ளி நாட்களின் வேகம் போய்விட்டதே என்ற வருத்தம் மட்டும்தான் என்றால், தேர்வு முடிந்ததும் சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ எடுத்துப் பாருங்கள். அவரும் வத்தலகுண்டுக்காரர் என்றுதான் அறியப்பட்டவர். சின்னப் புத்தகம், ஒரு மாலையில் முடிந்துவிடும். கமலாம்பாள் சரித்திரத்தில் நீங்கள் பார்த்த ஜல்லிக்கட்டு, இரண்டு தலைமுறை தள்ளி அதே பக்கத்திலிருந்து வந்த இன்னொருவர் கையில் எப்படி ஆகியிருக்கிறது என்று தெரியும்.

இன்றைக்கு இரவு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வம்பர் மகாசபை கூடும் இடத்தைத் தேடி எடுத்து, இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்றாலும் பரவாயில்லை, முன்னே தாண்டிப்போய், அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். யார் யார் பேச்சை எந்தக் குரலில் வாசிப்பது என்று மட்டும் முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் சுப்பு யார் என்று அம்மா சொன்னதை இங்கே வந்து எழுதுங்கள், நான் பார்ப்பேன்.